ஷீன் வராத நாக்கு

இதை எழுதுகிறவன் சேகு மதாரை முதன்முதலாகப் பார்த்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம், மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. பார்த்தது என்பதைவிட அவருடைய வசவைக் கேட்டது என்றால் பொருத்தமாக இருக்கும். பி.ஏ. தேறிய கையோடு, உத்தியோக உத்தரவை மடியில் கட்டிக்கொண்டு, முந்தின நாள் மாலைதான் ஹௌராவில் ரயிலை விட்டு இறங்கியிருந்தான். பவுபஜாருக்கும் கொலூட்டோலாவுக்கும் நடுவே ஒரு சந்தில் மதராஸ் குமாஸ்தாக்கள் சிலர் சேர்ந்து எடுத்திருந்த வீட்டின் மாடியில் இடம் கிடைத்திருந்தது. ரயில் ஏறியதிலிருந்து தெலுங்கும் வங்காளியும் இந்துஸ்தானியுமாகக் கேட்டுக் காது மரத்துப் போனவனை, கீழே சந்திலிருந்து வந்த அசல் ராமநாதபுரத்துத் தமிழ் உலுக்கி எழுப்பியது.

"எறங்கி வாருமய்யா கீழே! மேலே நின்னுக்கிட்டுக் குரலு விடுறீரே, ஆம்பிளையா இருந்தா எறங்கி வந்து பேசும்!"

மேலே நின்றவர் ராஜாராமன். தஞ்சாவூர் ஜில்லாக்காரர். கிளைவ் தெருவில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. கீழே நின்ற கறுத்த, நெட்டையான மனிதர் எதிர்ச் சுவருக்கு அப்பால் இருந்த சின்னப் பள்ளிவாசலில் வாங்கு சொல்கிறவர். ஐந்து வேளைத் தொழுகைக்கும் உயர ஏறி நின்று ஊரை அழைப்பதைத்தான் நம் பக்கத்து முஸ்லிம்கள் வாங்கு என்பார்கள்.

"உம்ம சாமியை எழுப்பறதுக்கு எங்களை ஏன்யா எழுப்பறீர்? மனுஷன் தூங்க வேண்டாமா?" என்றார் ராஜாராமன், மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"அல்லா தூங்குறவன் இல்ல ஐயரே. எழுப்புறது மனுசனை. அதுல உம்மையும் சேர்த்துத்தான்."

"நீர் கூப்பிட்டா நான் எழுந்து ஓடி வரணுமாக்கும்!"

"ஓடி வர வேணாம். எந்திரிச்சுக் குளியும். மாட்டுத்தோலு நாத்தம் சந்து முனை வரைக்கும் அடிக்குது."

மாடியில் மற்றவர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். தோல் கம்பெனியில் வேலை பார்ப்பது ராஜாராமனுக்கு ஊருக்கு எழுதும் கடிதத்தில்கூடச் சொல்ல முடியாத விஷயம். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"மகமதைக் கும்பிடறவாளுக்கு வாய் மட்டும் நன்னாத்தான் இருக்கு" என்றார்.

சேகு மதார் போகத் திரும்பியவர் நின்றார். அதுவரை விளையாட்டாக இருந்த குரல் மாறிவிட்டது.

"நாங்க நாயகத்தைக் கும்பிடுறோம்னு உமக்கு யாருவே சொன்னது? அவுக ஆடு மேச்சவுக. ஒட்டகத்துல சரக்கு ஏத்தி யாவாரத்துக்குப் போனவுக. நம்மளைப் போலப் பொறந்து நம்மளைப் போல மவுத்தானவுக. அல்லாவோட தூதரு, அம்புட்டுத்தான். கும்பிடு ஒருத்தனுக்கு மட்டும். அதைத்தான் தெனம் அஞ்சு தரம் மேல ஏறி நின்னு சொல்றேன். பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு இதுகூட வெளங்கலேன்னா உம்ம காதைத்தான் கழுவணும்."

இதை எழுதுகிறவன் காலேஜில் இரண்டு வருஷம் சரித்திரம் படித்தவன். அவனுக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. பாடப் புஸ்தகத்தில் அந்த மதத்துக்கு மகமதுவின் பேரைத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் இந்தக் கதை புஸ்தகத்தைப் பற்றியது அல்ல. சேகு மதாரைப் பற்றியது.

அவர் தொண்டிக்காரர். தகப்பனார் தோணியில் பாய் கட்டுகிறவர். சிறு வயதில் ஓதப் போன இடத்தில் மரப்பலகையில் எழுதிக் கொடுத்த அரபு எழுத்துகளில் ஸீனும் ஷீனும் அடுத்தடுத்து நிற்கும். உருவம் ஒன்றுதான். ஷீனுக்கு மட்டும் தலைக்கு மேல் மூன்று புள்ளி. அந்தப் புள்ளிகள் மதாரின் கண்ணுக்குத் தெரிந்தன, நாக்குக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றுபோலவே சொன்னார். ஊரில் அதை யாரும் குறையாக எடுக்கவில்லை. ஷெய்கு என்று அரபுக்காரன் சொல்லும் பேரையே தொண்டி முழுக்க சேகு என்றுதான் கூப்பிட்டது.

பதினைந்து வயதில் தோணி ஏறினார். உப்பும் கருவாடுமாகக் கல்கத்தாவுக்கு வரும் தோணிகள் ஹூக்ளி ஆற்று வாய்க்குள் நுழையும்போது உயிர் கையில் இருக்காது. நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று மணல் மேடு கிடக்கும். தோணியின் முன்முனையான அணியத்தில் ஒருவன் நின்று ஈயக் குண்டு கட்டிய கயிற்றை விட்டு, ஆழத்தை அளந்து, பின்னால் சுக்கான் பிடிப்பவனுக்குக் கேட்கும்படி கூவ வேண்டும். காற்றும் பாயின் சடசடப்பும் அலையும் எல்லாவற்றையும் தாண்டி, "மூணு பாகம்! ரெண்டரைப் பாகம்! ரெண்டே!" என்று போகிற குரல் வேண்டும். மதாருக்கு அந்தக் குரல் இருந்தது. நாலு தோணிக்காரர்கள் அவரை எங்களுக்குக் கொடு என்று சண்டை போட்டார்களாம். அவரே சொன்னது. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

இருபத்தெட்டாவது வயதில் நங்கூரச் சங்கிலி இடது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோயிற்று. தோணி அவரைக் கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. காய்ச்சலோடு கிடந்தவரை நெய்னா லெப்பை தன் இடத்துக்குத் தூக்கி வந்தார். தோணிக்காரர்களும் தோல் கிடங்குகளில் வேலை செய்யும் தமிழ் முஸ்லிம்களும் தொழுவதற்கென்று கட்டிய ஓட்டுக் கொட்டகைதான் அப்போது அந்தப் பள்ளிவாசல். லெப்பை அங்கே தொழவைக்கிறவர். அவரும் தொண்டிதான். நல்ல மனிதர், யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசத் தெரியாதவர்.

மதார் எழுந்து நடமாடத் தொடங்கிய சமயம், வாங்கு சொல்கிறவர் ஊருக்குப் போய்விட்டார். ஒரு மத்தியானம் லெப்பை, "நீ ஏறிச் சொல்லு" என்றார். மதார் ஏறிச் சொன்னார். சந்தைத் தாண்டி டிராம் ஓடுகிற ரோடு வரைக்கும் குரல் போய் விழுந்தது. மிட்டாய்க் கடை வங்காளி பாகு காய்ச்சுகிற கரண்டியோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். இறங்கி வந்ததும் மதாருக்கு வெட்கமாக இருந்தது.

"லெப்பை, என் நாக்குல ஷீன் நிக்க மாட்டேங்குது. 'அஷ்ஹது'ன்னு சொல்ல வேண்டிய எடத்துல 'அஸ்ஹது'ன்னு வருது. வேற ஆளைப் பாருங்க" என்றார்.

அஷ்ஹது என்றால் நான் சாட்சி சொல்கிறேன் என்று அர்த்தம். இறைவன் ஒருவனே என்பதற்கும் முகம்மது அவனுடைய தூதர் என்பதற்கும் சாட்சி. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் தொழுகை, நோன்பு, ஜகாத்து, ஹஜ்ஜு என்ற நான்குக்கும் முன்னால் நிற்பது இந்தச் சாட்சிதான். வாங்கில் அந்த வார்த்தை நான்கு முறை வரும்.

லெப்பை சிரித்தார். "பிலாலுக்கும் வராது மதாரு" என்றார்.

அன்றைக்கு உட்கார்ந்து அவர் சொன்ன கதைதான் சேகு மதாரின் தலையெழுத்தை மாற்றியது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் மக்காவில் காபாவைச் சுற்றி முந்நூற்றுச் சொச்சம் சிலைகள் இருந்த காலம். நாற்பது வயதில் ஹிரா மலைக் குகையில் இறைவனின் சொல் இறங்கிய நாயகம், எல்லோரையும் படைத்தவன் ஒருவன், அவன் முன்னால் எல்லோரும் ஒன்று என்று சொன்னபோது, முதலில் நம்பியவர்கள் அவருடைய மனைவி கதீஜா நாயகி, நண்பர் அபூபக்கர், சிறுவனாக இருந்த அலி, அப்புறம் நாதியில்லாதவர்கள். அவர்களில் ஒருவர் பிலால். அபிசீனியாவிலிருந்து வந்த கறுப்பு அடிமைக்குப் பிறந்த அடிமை. அவருடைய எஜமான் உமையா, உச்சி வெயிலில் சுடுமணலில் அவரை மல்லாத்தி நெஞ்சின் மேல் பாறையை ஏற்றி, பழைய தெய்வங்களின் பேரைச் சொல்லு என்றான். "ஒருவன், ஒருவன்" என்ற சொல்லைத் தவிர பிலாலின் வாயிலிருந்து வேறு வரவில்லை. அபூபக்கர் அவரை வாங்கி விடுதலை செய்தார். பிறகு நாயகமும் தோழர்களும் மக்காவின் கொடுமை தாங்காமல் மதீனாவுக்குப் போய்ப் பள்ளிவாசல் கட்டியதும், முதல் வாங்கு சொல்லக் கூப்பிட்டது அந்த அடிமையாக இருந்தவரைத்தான்.

"அவரு நாக்குலயும் ஷீன் வராது. அஸ்ஹதுன்னுதான் சொல்வாரு. சில பேரு குத்தம் சொல்லி வேற ஆளை வாங்கு சொல்ல வச்சாங்க. அன்னிக்குப் பொழுதே விடியலையாம். பிலாலோட ஸீன் அல்லாகிட்ட ஷீன்தான்னு நாயகமே சொல்லிட்டாங்க. நீ ஏன் பயப்படுறே?" என்றார் லெப்பை.

கப்பலில் கறுப்பன் என்றும், கரையில் தோல் வியாபாரிகளிடம் ஹப்ஷி, அதாவது அபிசீனியாக்காரன், என்றும் பேர் வாங்கிய மனிதருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் அவர் ஷீனைப் பற்றி நினைக்கவே இல்லை. தோணிக்காரர்கள் அவரைப் பிலால் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் வாங்கு சொல்பவரை அப்படிக் கூப்பிடும் வழக்கம் உண்டு. மற்றவர்களுக்கு அது வேலையின் பேர். மதாருக்கு அது அவருடைய சொந்த நாக்குக்குக் கிடைத்த பட்டம். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்குப் போகவில்லை. அந்த மேட்டில் நின்று ஐந்து வேளை குரல் கொடுப்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை.

குளிக்கச் சொன்னாரே, அதை ராஜாராமன் மறக்கவில்லை. படுக்கையில் கிடந்தபடியே தினமும் விடியற்காலை வாங்கைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார், குற்றம் கண்டுபிடிக்க. சித்பூர் ரோட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பள்ளிவாசல்களின் குரல் மெல்லக் கேட்கும். ஒத்திட்டுப் பார்த்தால் வித்தியாசம் ஒன்றே ஒன்று. பத்தாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்.

"ஓய் சேகு! எல்லா இடத்திலேயும் 'அஷ்'ங்கறான். நீர் மட்டும் 'அஸ்'ங்கறீரே! எங்க வீட்டுக் குழந்தை லக்ஷ்மிங்கறதை லச்சுமின்னு சொன்னாலே நாங்க தலையில் குட்டுவோம்" என்று மாடியிலிருந்து சொன்னார்.

"அது பிலாலோட ஸீன். உமக்கு வெளங்காது. போய்த் தோலை எண்ணும்" என்றார் மதார்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் ராஜாராமன் அதைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே வந்து போகிறவர் ஹாஜி பத்ருதீன், வட ஆற்காட்டுத் தோல் வியாபாரி. ஹாஜியாரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவேண்டுமானால், ஓட்டுக் கொட்டகையாக இருந்த பள்ளிவாசலைச் செங்கல் கட்டடமாக எழுப்பியவர் அவர். அதற்குப் பிறகு அங்கே பாய் எந்தப் பக்கம் விரிப்பது என்பதுகூட அவரைக் கேட்டுத்தான் நடந்தது. "உங்க பள்ளிவாசல்லே கூவறவனுக்கு 'ஷ' வராதாமே ஹாஜியார்? எங்க மாடியிலே எல்லாரும் சிரிக்கறா" என்றார் ராஜாராமன். ஹாஜியாருக்குக் காது சிவந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். பக்கத்தில் பாட்னாவிலிருந்து வரவழைத்த, மார்க்கம் கற்ற ஒரு மௌலவி உட்கார்ந்திருந்தார்.

"இந்துவுங்க சிரிக்கிற மாதிரி ஆயிடுச்சு நம்ம பள்ளி. வாங்கு சொல்றவனுக்குச் சாட்சி சொல்ற கலிமா வார்த்தையே வாயில நிக்கல. நான் வேற ஆளை ஏற்பாடு பண்ணிக்கினு இருக்கேன். இன்னா சொல்றீங்க?" என்றார்.

தோணிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். லெப்பை மெல்ல எழுந்தார். ஹாஜியாரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பிலாலின் கதையைச் சொன்னார். பொழுது விடியாத இடம் வந்ததும் மதார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஹாஜியார் மொழிபெயர்த்துச் சொல்ல, மௌலவி பொறுமையாகக் கேட்டார். பிறகு இந்துஸ்தானியில் பேசினார். ஹாஜியார் அதைத் தமிழில் சொன்னார்.

"அது கட்டுக்கதையாம். நாயகத்தைப் பத்தி எதைச் சொன்னாலும், யாரு யாருகிட்ட கேட்டாங்க, அவங்க யாருகிட்ட கேட்டாங்கன்னு அந்தக் காலம் வரைக்கும் சங்கிலி இருக்கணுமாம். இதுக்குச் சங்கிலியே கிடையாதாம்."

"எங்களுக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாது சொன்னது..." என்று லெப்பை இழுத்தார்.

"உங்க உஸ்தாதுக்கு யாரு சொன்னது?"

லெப்பை மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

மௌலவிக்கு மதார் மேல் பகை ஒன்றும் இல்லை. அதுதான் மதாருக்குத் தாங்கவில்லை. அவர் நேராக மதாரைப் பார்த்தே நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். மதீனாவில் மக்களைத் தொழுகைக்கு எப்படி அழைப்பது என்று யோசனை நடந்தது. மணி அடிக்கலாமா, கொம்பு ஊதலாமா, தீ மூட்டலாமா என்றார்கள். அப்துல்லா என்ற தோழர் கனவில் வாங்கின் வார்த்தைகளைக் கேட்டு வந்து சொன்னார். நாயகம் அவரையே சொல்லச் சொல்லவில்லை. பிலாலுக்குக் கற்றுக்கொடு, உன்னைவிட அவருடைய குரல் நன்றாக எட்டும் என்றார்கள். எட்டு வருஷம் கழித்து மக்கா கைக்கு வந்ததும் பிலாலைக் காபாவின் மேல் ஏறி வாங்கு சொல்லச் சொன்னார்கள். அதைக் கண்ட மக்கத்துப் பிரபுக்களில் ஒருவன், இந்தக் கறுப்புக் காக்கையைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றான்.

"பகைவருங்க அவரு நிறத்தைச் சொல்லிச் சிரிச்சாங்க. அடிமைன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நாக்கைச் சொல்லி ஒருத்தன்கூடச் சிரிக்கல. நாக்குல குத்தம் இருந்திருந்தா விட்டிருப்பானுங்களா?" என்று ஹாஜியார் மொழிபெயர்த்து முடித்தார். கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னது அவருடைய சொந்தக் கைவரிசை.

மதார் எழுந்தார். எல்லோரும் ஹாஜியார் மேல் பாயப்போகிறார் என்று நினைத்தார்கள். அவர் லெப்பையின் பக்கம் திரும்பினார்.

"பன்னெண்டு வருசமா இதைச் சொல்லி என்னை உக்கார வச்சிருக்கியே, லெப்பை! அன்னிக்கே 'முட்டாளே, மூணு புள்ளியைப் படிடா'ன்னு முதுகுல ரெண்டு போட்டிருந்தா நான் படிச்சிருக்க மாட்டேனா?"

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் மதாரு..."

"இப்ப நோகலையா?"

அவர் ஹாஜியாரிடம், "அடுத்த வெள்ளிக்கெழமை அசர் தொழுகைக்கு நான் வாங்கு சொல்றேன். ஷீன் வரலேன்னா நானே போயிடறேன்" என்றார்.

"எட்டு நாள்லயா? நாப்பது வருசமா வராதது?" என்று சிரித்தார் ஹாஜியார். மௌலவி கையமர்த்தி, சரி என்று தலையசைத்தார்.

மதார் நேரே எதிர் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஐயரே! கோள் சொல்லி வயிறு நெறஞ்சுதா?"

ராஜாராமன் படியில் நின்றபடி, "இருக்கறதைச் சொன்னேன். 'ஷ' வராதவனை வராதுன்னு சொன்னா கோளா?" என்றார். "விஷம்னு சொல்லும் பார்ப்போம்."

"விசம்."

"வேஷம்."

"வேசம்."

"தோஷம்."

"தோசம். உம்ம வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"வரவழைக்கறதுக்கு எதிர்க்க நல்ல மனுஷா நிக்கணும். நாக்கைப் பல்லுகிட்டக் கொண்டு போகாதேயும். உள்ளே இழும். உதட்டைக் குவிச்சு, சூடான காப்பியை ஊதறாப்பலே ஊதும்."

"ஸ்ஸ்..."

"அது பாம்பு! காப்பி ஓய், காப்பி!"

இப்படித்தான் ஆரம்பித்தது. நட்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த எட்டு நாளும் ஒருவரை ஒருவர் கரித்துக் கொட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். ராஜாராமனுக்கு, சுவருக்கு அப்பாலிருந்து நாள் முழுக்கக் கேட்கும் "விஸம், வேஸம்" பொறுக்கவில்லை. தப்பாகக் கேட்டு எழுந்திருப்பதைவிடச் சரியாகக் கேட்டு எழுந்திருக்கலாம் என்றார். ஆபீசுக்குப் போகும்போது வாசலில் நின்று ஒரு திருத்தம், திரும்பி வந்து ஒரு திருத்தம். "ராஜலக்ஷ்மி சொல்லும். எங்க அகத்துக்காரி பேர். அதையாவது கொலை பண்ணாமச் சொல்லும்." அவருக்கு எரிச்சலாக இருந்தது. மதாருக்கோ, பகைவனிடம் பாடம் கேட்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. பன்னிரண்டு வருஷமாகத் தன்னைத் தாங்கிய லெப்பையிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. லெப்பை சோறு கொண்டுவந்து வைத்தால் தட்டு அப்படியே இருந்தது.

ஆறாம் நாள் ஷீன் வந்தது. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டியருகே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து, தேங்காய் துருவுகிற ஓசை போல, சுத்தமாக, "அஷ்" என்று விழுந்தது. அவரே திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ சொன்னார்களோ என்று. பிறகு ஓடிப்போய்ச் சந்தில் நின்று கத்தினார்.

"ஐயரே! விஷம்! வேஷம்! தோஷம்! உம்ம மூஞ்சிக்குப் பொருத்தமா மூணும் வந்திரிச்சு!"

வெள்ளிக்கிழமை பிற்பகல் அசர் நேரத்துக்கு என்றைக்கும் இல்லாத கூட்டம். கிதிர்பூர்த் துறையிலிருந்து தோணிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஹாஜியாருடைய ஆட்கள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். அவர் ஏற்பாடு செய்திருந்த புது ஆள், லக்னோப் பக்கத்து இளைஞன், வெள்ளைத் தொப்பியோடு தயாராக இருந்தான். எதிர் வீட்டு மாடியில் ராஜாராமன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை நாள் லீவு போட்டிருந்தார். வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்தாராம்.

மதார் படியேறினார். இரண்டு விரல் இல்லாத கையைக் காதோடு அணைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அல்லாஹு அக்பர் என்று நான்கு முறை போயிற்று.

"அஷ்ஹது அன் லா இலாஹ இல்லல்லாஹ்."

வந்துவிட்டது. தோணிக்காரன் ஒருவன் "ஆங்!" என்றான். இரண்டாவது முறையும் வந்தது, முன்னைவிடத் தெளிவாக. மதாருக்கு உடம்பு லேசாகிவிட்டது. ஹாஜியாரின் தலைப்பாகையை மேலிருந்து பார்த்தார். அந்தக் கணத்தில் அவரைவிடப் பெரிய மனிதன் கல்கத்தாவில் இல்லை. அதே தெம்பில் அடுத்த வரியைத் தூக்கினார்.

"அஷ்ஹது அன்ன முஹம்மதர் ரஷூலுல்லாஹ்."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஹாஜியாருடைய ஆட்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன் வாயைப் பொத்திக்கொண்டான். தூதர் என்று பொருள்படும் ரஸூல், ரஷூல் ஆகிவிட்டது. எட்டு நாள் ஷீனையே உருட்டிக்கொண்டிருந்த நாக்கு, ஸீனையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மதாருக்கும் அது காதில் விழுந்தது.

அதே வரியை இன்னொரு முறை சொல்லியாக வேண்டும். வாங்கில் மூச்சு விடுகிற இடைவெளிதான் உண்டு. அவர் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நீட்டினார். ஷீனைப் பிடித்துக்கொண்டால் ரஸூல் போகிறது. ரஸூலைப் பிடித்தால் ஷீன் போகும். இரண்டும் ஒரே மூச்சில் நிற்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆற்று வாயில் கயிற்றை இழுத்ததும் ஆழம் இவ்வளவுதான் என்று கை சொல்லிவிடுமே, அப்படி.

"அஸ்ஹது" என்றார் மதார். பன்னிரண்டு வருஷமாகச் சொன்ன அதே பழைய அஸ்ஹது. "அஸ்ஹது அன்ன முஹம்மதர் ரஸூலுல்லாஹ்."

ரஸூல் சுத்தமாக விழுந்தது. மீதி வரிகளை அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தார். டிராம் ரோடு வரைக்கும் போயிருக்கும். முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை.

தொழுகை முடிந்ததும் ஹாஜியார் கேட்டார். "முதல்ல சரியாத்தானே வந்துச்சு? கடைசித் தடவை இன்னாத்துக்கு மாத்தினே?"

"என் நாக்குல ரெண்டுக்கும் எடமில்ல ஹாஜியார். கெட்டா என் சாட்சி கெடட்டும். நாயகம் அவுக பேரு கெட வேணாம்."

மௌலவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்னும் ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்பதுபோலத் தோன்றியது. ஹாஜியார் அதை மொழிபெயர்க்கவில்லை.

"பேச்சுன்னா பேச்சு. நீதானே சொன்னே, வரலேன்னா போயிடறேன்னு?"

"சொன்னேன். போறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. செங்கல்லு உங்களது, பள்ளி உங்களது இல்ல. இதை எந்த மௌலவிகிட்ட வேணும்னாலும் கேளுங்க, சங்கிலியோட சொல்லுவாரு."

ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லெப்பை வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "மதாரு, எங்கே போவே? என்கூட இருந்துக்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

"நீ நல்லவன் லெப்பை. அதான் என்னைக் கெடுத்தே" என்று சொல்லிவிட்டு மதார் நடந்தார்.

சந்தில் ராஜாராமன் இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தார். மதாருக்காகவே அவர் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாத்துக்கும் 'ஷ' போடச் சொல்லி நான் சொல்லலையே ஓய்" என்றார்.

"ஸீனுக்கும் ஒரு பாடம் வச்சிருக்கணும் ஐயரே. அரைகுறை வாத்தியாரு நீரு" என்றார் மதார். சுருட்டி எடுத்து வந்த பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, டிராம் ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

சேகு மதார் இப்போது கிதிர்பூரில், தோணிகளுக்குக் கயிறு முறுக்கும் ஒரு கொட்டகையில் வேலை செய்கிறார். அங்கேயே படுத்துக்கொள்கிறார். வாங்கு சொல்வதை விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நின்று தொழுகிறார். நெய்னா லெப்பை இரண்டு முறை தேடிப் போய்ப் பார்த்தார். இரண்டு முறையும் மதார் அவரோடு பேசவில்லை.